மான் படுக்கும் காட்சி

கோட்டின் வலது கை உள்ளே நுழைய மறுத்தது. இடது கையை எப்படியோ போட்டுவிட்டார்கள். வலது கை முழங்கையில் விறைத்துக்கொண்டு, இதற்கு மேல் ஓர் அங்குலம் வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. உயிரோடு இருந்தபோதும் தனசிங் சார் அப்படித்தான். பாதி தூரம் இணங்கி வருவார், மீதி தூரத்துக்கு ஆண்டவரே வந்து கூப்பிட்டாலும் அசைய மாட்டார்.

"மேடம், பின்னாடி வெட்டிட்லாமா?" என்று கேட்டான் மாரி. பெட்டி, பூ, வண்டி என்று எல்லாவற்றையும் ஒரே போனில் ஏற்பாடு செய்து தருகிற கடையிலிருந்து வந்தவன். "முன்னால பாக்க சோக்கா இருக்கும். முதுவ யாரு பாக்கப் போறா? கத்திரி கீதா வூட்ல?"

ஹெப்சி உள்ளே போய்க் கத்திரிக்கோல் எடுத்து வந்தாள். அந்த வீட்டில் கத்திரிக்கோலுக்குப் பஞ்சமில்லை. சேலையூரில் அந்தத் தெருவுக்கே நாடகக்கார சார் தெரு என்றுதான் ஆட்டோக்காரர்களிடம் அடையாளம் சொல்வார்கள். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், மகள் ஹெப்சியையும் சேர்த்துக்கொண்டு சிறுவர் நாடகக் குழு நடத்தினார் தனசிங். சிங்கம், முயல், குரங்கு, முதலை என்று பழைய மிருகக் கதைகளை நாடகமாக்கி, சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்கிக் கொடுப்பது வேலை. கதையைப் பிரித்துப் போட்டு எழுதுவது அப்பா. பாட்டு, உடுப்பு, பள்ளிக்கூடங்களோடு மல்லுக்கட்டுவது மகள்.

மாரி காலரிலிருந்து கீழ்வரை ஒரே வெட்டாக வெட்டினான். கோட்டின் ஒரு பாதியை இந்தப் பக்கமும் இன்னொரு பாதியை அந்தப் பக்கமும் மாட்டி, ஓரங்களை முதுகுக்கு அடியில் செருகி, டையைச் சரி செய்தான். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் அப்பா புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தார். மாரிக்கே திருப்தியாக இருந்திருக்க வேண்டும், ஒரு தடவை தலையை ஆட்டிக்கொண்டான்.

"அக்கா, வாழ்க்கைக் குறிப்பை ஆயருக்கு அனுப்பணும்." ஹெப்சியின் தம்பி எபி, பெங்களூரிலிருந்து நேற்று ராத்திரி வந்து சேர்ந்தவன், அலமாரி ஓரம் நின்று போனில் தட்டிக்கொண்டிருந்தான். கோயிலில் அடக்க ஆராதனையின்போது வாசிக்க வேண்டியது அது. பிறந்தது, படித்தது, உழைத்தது, கடைசியில் எப்படிப் போனார் என்பது. "கடைசி பாரா மட்டும்தான் பாக்கி. அம்மா சொன்னதை அப்படியே போட்டுடவா? உன் மடியிலதான்னு?"

"போடு," என்றாள் ஹெப்சி.

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. பொய்யை முதல் தடவை சொல்வதுதான் கஷ்டம். அதற்குப் பிறகு அவள் அதைச் சொல்ல வேண்டியிருக்கவே இல்லை. துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மாவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேற்றுக் காலை ராஜகீழ்ப்பாக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஹேமாவதி வந்திருந்தாள். அங்கே ஆண்டு விழா நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. இந்த வருஷம் மான் கதை. நரி ஆசை காட்டிய வயலில் மேயப் போன மான் வலையில் சிக்கிக்கொள்கிறது. செத்தது மாதிரிப் படுத்துக்கொள் என்று காகம் யோசனை சொல்கிறது. வயிற்றை உப்பிக்கொண்டு, காலை விறைத்துக்கொண்டு மான் கிடக்க, குடியானவன் ஏமாந்து வலையை அவிழ்க்க, மான் எழுந்து ஓட்டம் பிடிக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அப்பா எழுதியிருந்த நாடகத்தில் அந்தப் படுக்கும் காட்சி மட்டும் மிக நீளம். பாட்டு கிடையாது, வசனம் கிடையாது, விளக்கைக் குறைக்கக்கூடக் கூடாது. ஒருவேளை மான் நிஜமாகவே செத்துவிட்டதோ என்று பார்க்கிற பிள்ளைக்குச் சந்தேகம் வருகிற வரை அது கிடக்க வேண்டும்.

"சார், பிரச்னை என்னன்னா, மானா நடிக்கப் போறது எங்க கரெஸ்பாண்டென்ட்டோட பேரன்," என்றாள் ஹேமாவதி. "இந்த ஊர்ப் பழைய குடும்பம் சார் அவங்க. நாள் கிழமை, சகுனம் எல்லாம் பாப்பாங்க. ஆனுவல் டே அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அவன் செத்த மாதிரி படுக்கிறதை ஒத்துக்கவே மாட்டாங்க."

ஹெப்சியிடம் மாற்று தயாராக இருந்தது. மான் படுக்க வேண்டாம். காகமும் அணில்களும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடும், குடியானவனுக்கு மனசு இளகும், அவனே வலையை அவிழ்ப்பான், நரி வந்து மன்னிப்புக் கேட்கும்.

"வைக்கோல் போட்டுட்டா," என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

அது அந்த வீட்டுக்குள் மட்டும் புரிகிற பேச்சு. சில வருஷங்களுக்கு முன் ஆமைக் கதை போட்டார்கள். இரண்டு பறவைகள் தூக்கிக்கொண்டு பறந்த குச்சியை வாயால் கவ்விக்கொண்டு போன ஆமை, வாயடக்க முடியாமல் பேசி, விழுந்து சாகிற கதை. அப்பாவின் நாடகத்தில் ஆமை விழுந்தபின் மேடையில் ஒருவரும் அசையக் கூடாது. திரை மூடிவிடும். கைதட்டலுக்கு எல்லோரும் வந்து வணங்கும்போதுகூட ஆமை வராது. அன்று ராத்திரி ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. பெற்றோர்கள் பள்ளிக்கூடத்தைப் பிடித்து உலுக்க, பள்ளிக்கூடம் ஹெப்சியைப் பிடித்து உலுக்க, அடுத்த பள்ளியில் ஆமை பத்திரமாக ஒரு வைக்கோல் போரின்மேல் விழுந்து, எழுந்து, இனிமேல் அதிகம் பேச மாட்டேன் என்று சபைக்கு வாக்குக் கொடுத்தது. அதிலிருந்து ஹெப்சி எந்தக் கதையின் முடிவை மாற்றினாலும் அப்பாவுக்கு அது வைக்கோல்தான். கிணற்றில் விழுந்த சிங்கத்துக்குக் கயிறு விட்டபோதும் வைக்கோல், முதலை குரங்கின் காலில் விழுந்தபோதும் வைக்கோல்.

"படுத்து எழுந்திரிக்கிறதுதான்டி கதை," என்றார் அப்பா. "படுக்கவே இல்லன்னா அது எதுலேர்ந்து எழுந்திரிக்கும்? கொழந்தைங்களுக்குச் சாவு தெரியும். ரோட்டுல அடிபட்ட நாயப் பாக்குது, கோழிக்கடையப் பாக்குது. பயப்படறதெல்லாம் பெருசுங்கதான்."

"அப்பா, அவங்க ஸ்கூல். அவங்க சொல்றதைத்தான் நாம பண்ண முடியும்."

"அப்ப அவங்களே பண்ணிக்கட்டும்."

வார்த்தை தீர்ந்துபோனால் அப்பாவிடம் ஒரு வழி இருந்தது. படுத்துவிடுவார். கதையில் எந்த மிருகம் சாகிறதோ அந்த மிருகமாகத் தரையில் விழுந்து, எதிராளி ஒத்துக்கொள்கிற வரை கண்ணைத் திறக்க மாட்டார். தாம்பரத்தில் ஒரு தலைமையாசிரியை அறையில் செத்த சிங்கமாகக் கிடந்து, சிங்கத்தைச் சாகடிக்க அனுமதி வாங்கியவர் அவர். வீட்டிலும் அப்படித்தான். 'அப்பா படுத்துட்டாரு' என்றால் வேலைநிறுத்தம் என்று பொருள். அம்மா அவரைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

நேற்றும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பாருங்க மேடம், இவ்ளோதான். இதுல என்ன அபசகுனம் வந்துச்சு?" என்று சொல்லி, ஹாலின் நடுவே மொசைக் தரையில் ஒருக்களித்துப் படுத்தார். கன்னம் தரையில். இரண்டு கைகளும் முன்னங்கால்கள் மாதிரி முன்னால் நீண்டிருந்தன.

"ஐயோ, அப்படியே இருக்கு," என்றாள் ஹேமாவதி.

ஹெப்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயது எழுபதை நெருங்குகிறது, வெளியாள் முன்னால் இதென்ன கூத்து என்று இருந்தது. "நீங்க வாங்க மேம். நாம ஒத்துக்கிற வரைக்கும் அவர் எழுந்திரிக்க மாட்டாரு. வெளில உக்காந்து பேசிக்கலாம்," என்று அவளைப் போர்டிகோவுக்கு அழைத்துப் போனாள். காபி கலந்து கொண்டுவந்தாள். ஹால் ஜன்னல் திறந்துதான் இருந்தது. அப்பாவின் காதில் விழட்டும் என்றே, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, குரலை உயர்த்திச் சொன்னாள்.

"அப்ப முடிவு பண்ணிடலாம் மேம். மான் படுக்கவே வேணாம்."

அவர் துள்ளி எழுந்து வந்து கத்துவார் என்று காத்திருந்தாள். சத்தமே இல்லை. மனிதர் ஒருவழியாகத் தோற்றுப்போய்விட்டார் என்று நினைத்தாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அதன்பின் அணில் உடுப்பு பற்றிப் பேசினார்கள், பாட்டின் மெட்டைப் பற்றிப் பேசினார்கள். ஹேமாவதி கிளம்பும்போது உள்ளே எட்டி, "வரேன் சார்," என்றாள். அவர் அசையவில்லை. "சார் செம ஸ்ட்ராங்," என்று சிரித்துக்கொண்டே போனாள். ஹெப்சி அவளை வாசல்வரை விட்டுவிட்டு வந்து, காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே ஹாலுக்கு வந்து, "போதும்ப்பா, எழுந்திரிங்க. தரை சில்லுனு இருக்கு," என்றாள். இரண்டாவது தடவையும் சொன்னாள். மூன்றாவது தடவை கோபமாகச் சொன்னாள். பிறகுதான் குனிந்து தோளைத் தொட்டாள்.

அடுத்த தெரு டாக்டர் வந்து பார்த்தார். "விழுந்து எவ்ளோ நேரம் ஆச்சும்மா?" என்று கேட்டார். "இப்பதான் டாக்டர்," என்றாள். டாக்டர் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தார், அவளையும் ஒரு பார்வை பார்த்தார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். உடனே தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அம்மா ரத்தினபாய் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குத் தாம்பரம் போயிருந்தாள். செய்தி கேட்டு ஆட்டோவில் வந்து இறங்கியவள், "எப்படி ஆச்சு" என்று கேட்கவில்லை, "ஏன் ஆச்சு" என்றும் கேட்கவில்லை. ஹெப்சியின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு, "தனியாவா கெடந்தாரு? பக்கத்துல யாருமே இல்லியா?" என்றாள். அம்மாவின் அப்பா குளியலறையில் விழுந்து, உள்தாழ்ப்பாளோடு, ஒருவருக்கும் தெரியாமல் போனவர். அந்தப் பயம் அம்மாவை ஆயுள் முழுக்க விடவில்லை. அப்பா குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது அந்த வீட்டில் கட்டளை.

"இல்லம்மா," என்றாள் ஹெப்சி. "நான் இருந்தேன். நெஞ்சைப் புடிச்சாரு, தூக்கி மடியில போட்டுக்கிட்டேன். என் மடியிலதாம்மா."

அம்மாவின் அழுகை அந்த இடத்திலேயே வேறு அழுகையாக மாறியது. பிடி தளர்ந்து தரையில் உட்கார்ந்தாள். அப்பாவின் பாஷையில் சொன்னால், அம்மாவுக்கும் ஒரு வைக்கோல் போர் போட்டாயிற்று. ஹேமாவதி அதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டாள் என்றும் ஹெப்சி சேர்த்துச் சொல்லிவைத்தாள். சொல்லும்போதே, நாளைக்கு அவள் வருவாளே என்பது உறைத்தது.

வந்தாள். மாரியும் அவன் ஆட்களும் பெட்டியை ஹாலின் நடுவே ஸ்டாண்டில் வைத்துவிட்டு நகர்ந்த சிறிது நேரத்தில், கையில் ரோஜா மாலையோடு ஹேமாவதி படியேறினாள். கண் வீங்கியிருந்தது. அவளைப் பார்த்ததுமே ஹெப்சி பெட்டிக்கு அந்தப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டாள். ஊரே கூடிக் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம். சபையில் நிறுத்தி வைத்துக் கேட்டாலும் தலை குனிந்து நிற்கலாம். அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. கட்டிக்கொண்டு நாற்பத்து மூன்று வருஷம் கூட இருந்த மனுஷன், மகள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது வெறும் தரையில் தன்னந்தனியாகப் போனான் என்பது அம்மாவுக்குத் தெரிந்தால், அம்மா இவளைத் திட்டக்கூட மாட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

ஹேமாவதி மாலையைப் போட்டுவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"நேத்து காலையில வந்து பேசிட்டுப் போனீங்களாமே? அப்ப நல்லாத்தான இருந்தாரு?"

"ஆமா ஆன்ட்டி. நல்லா..."

"நீங்க அந்தப் பக்கம் போயிருக்கீங்க, இந்தப் பக்கம் நெஞ்சைப் புடிச்சிருக்காரு. ஹெப்சி ஓடிப் போயி தூக்கி மடியில போட்டுக்கிட்டா. அவ மடியிலயேதான் உயிர் போச்சு. அனாதையாக் கெடக்கல. அந்த வகையில கர்த்தர் என்னைக் கைவிடல."

ஹேமாவதி நிமிர்ந்து ஹெப்சியைப் பார்த்தாள். ஹெப்சி பார்வையைத் தாழ்த்திப் பெட்டியின் கைப்பிடியைப் பார்த்தாள். அப்பா நேற்று கிடந்த இடத்துக்கு நேர் மேலேதான் பெட்டி இருந்தது. பொய்யை உடைக்க ஹேமாவதிக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். பெட்டியருகே பாடிக்கொண்டிருந்த கோயில் பெண்கள் சங்கத்தார் சரணத்தை முடித்துவிட்டு மூச்சு வாங்கினார்கள்.

"நான் போகல ஆன்ட்டி," என்றாள் ஹேமாவதி.

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட் வரைக்கும்தான் போனேன். ஹெப்சி கத்தற சத்தம் கேட்டுத் திரும்ப ஓடி வந்துட்டேன். நானும் கூட இருந்தேன் ஆன்ட்டி. தண்ணி கேட்டாரு. நான்தான் கொண்டுவந்து குடுத்தேன்."

"குடிச்சாரா?"

"ஒரு வாய். ஹெப்சி தலையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டாங்க, ஒரு வாய் குடிச்சாரு."

"ஏதாவது சொன்னாரா?"

"உங்க பேரைச் சொன்ன மாதிரி இருந்துச்சு."

"ரத்தினபாய்னா? ரத்தினம்னா?"

"ரத்தினம்னுதான் ஆன்ட்டி."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கல்யாணமான புதுசுல அப்படித்தான் கூப்பிடுவாரு," என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். "எபி பொறந்தப்புறம் விட்டுட்டாரு. ஞாபகம் வச்சிருந்திருக்காரு பாருங்க." பக்கத்திலிருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தி, எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த மாதிரிச் சாவு என்றாள்.

பழைய கதைகளைத் திருத்தி எழுதுவதில் அத்தனை வருஷப் பழக்கமுள்ள ஹெப்சிக்கே இவ்வளவு தோன்றியிருக்கவில்லை. மடியோடு நிறுத்திக்கொண்டாள். ஹேமாவதி முதல் முயற்சியிலேயே தண்ணீர், பெயர் எல்லாம் சேர்த்துத் தேறிவிட்டாள்.

எபி கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தான். மெல்ல அக்காவின் பக்கத்தில் வந்து, "அவங்க கெளம்பிப் போனப்புறம்னுதான நேத்து சொன்ன?" என்றான்.

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். சின்ன வயதில், அப்பா வாத்தியாராக இருந்தபோதே பள்ளியில் போட்ட நாடகங்களில் அவன்தான் எப்போதும் முயல், எது நடிப்பு எது நிஜம் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு போனைத் திறந்தான்.

"தண்ணியையும் போட்டுடறேன்," என்றான். இரண்டு வரி தட்டிவிட்டு, நிமிராமலே, "பேர் சொன்னதையும்," என்றான். அதன்பிறகு அவன் அதைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை, இனி எப்போதும் கேட்கப் போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

ஹேமாவதி கிளம்பியபோது ஹெப்சி கூடவே வாசல்வரை போனாள். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் அப்பாவின் பழைய மாணவர்கள் உட்கார்ந்து, அவர் செத்த சிங்கமாகக் கிடந்த கதையை ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் இருந்தார்கள். பந்தல் காலுக்கு இந்தப் பக்கம் நின்றதும் ஹேமாவதி உடைந்தாள்.

"ராத்திரி பூரா தூங்கல ஹெப்சி. வரேன் சார்னு சொல்லிட்டு எட்டிப் பாத்தேன்ல, அப்ப அவர் உதடு ஒரு மாதிரி நீலமா இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு, என்ன நடிப்புடா சாமின்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டேன்."

"அப்பவே போயிட்டாரா?"

"தெரியலயே."

"நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஒண்ணு சொன்னேனே. அப்போ?"

"எனக்கு எப்படித் தெரியும் ஹெப்சி?"

யாருக்கும் தெரியாது. அவர் அதைக் கேட்டுவிட்டுப் போனாரா, கேட்காமல் போனாரா என்பதைத் தெரிந்த ஒரே ஆள் உள்ளே முதுகு வெட்டிய கோட்டோடு கிடந்தார். கேட்காமல் போயிருக்க வேண்டும் என்று அவள் நேற்றிலிருந்து ஜெபித்துக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் அவர் படுத்த உடனேயே போயிருக்க வேண்டும், அவள் காபிக்குப் பால் காய்ச்சியபோதே செத்திருக்க வேண்டும். ஒரு மகள் தகப்பனுக்காகச் செய்கிற ஜெபமா இது என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஹேமாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "இப்ப கேக்கக் கூடாதுதான். கரெஸ்பாண்டென்ட் சார் காலையிலேயே போன் பண்ணிட்டாரு, ப்ரோக்ராம் நடக்குமா நடக்காதான்னு. நாம பேசின மாதிரியே வச்சுக்கலாம்ல? மான் படுக்காம? சாரோட போட்டோவை ஸ்க்ரீன்ல போட்டு ஒரு ட்ரிப்யூட் மாதிரி பண்ணிடலாம்."

மான் படுக்கும் மேம் என்கிற வார்த்தை ஹெப்சியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எவ்வளவு நேரம் படுக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் படுக்கும், இஷ்டமிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். அப்பா உயிரோடிருந்த காலத்தில் ஒரு தடவைகூட அவள் சொல்லாத வார்த்தை. ஆனால் எதிரே நிற்பவள் இப்போதுதான் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து இவளுக்காகப் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை, மனதில்கூட நினைத்திருக்க மாட்டாள். நல்லவள்தான். இருந்தாலும் கணக்கு கணக்குதானே என்று ஹெப்சிக்குப் பட்டது.

"சரி மேம்," என்றாள். "படுக்க வேணாம்."

கோயில் நிறைந்திருந்தது. நாடகக் குழுவின் பிள்ளைகள் முன் வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியை வரிசையாகச் சுற்றி வந்தபோது ஒரு சின்னப் பெண் நின்று, குனிந்து, வெகுநேரம் பார்த்தாள். "சார் வயிறு அசையவே இல்ல," என்று பின்னால் வந்தவளிடம் பாராட்டுகிற மாதிரிச் சொன்னாள். பெரியவர்கள் அவளை நகர்த்திவிட்டார்கள்.

எபி வாழ்க்கைக் குறிப்பை வாசித்தான். பள்ளிக்கூடங்களின் பெயர்களை வாசித்தான், நாடகங்களின் எண்ணிக்கையை வாசித்தான், குரல் எங்கேயும் தடுமாறவில்லை. "நேற்றைய தினம், தமது அன்பு மகளின் மடியில் தலை சாய்த்து, ஒரு வாய் தண்ணீர் அருந்தி, தமது அருமை மனைவியின் பெயரை உச்சரித்தவராய், எந்த வேதனையுமின்றிக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. அப்பா இருந்திருந்தால் கடைசி வரியிலேயே எழுந்து வெளியே போயிருப்பார். அம்மா ஹெப்சியின் முழங்காலில் கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆராதனை முடிகிற வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுக் கிளம்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எபி ஒரு பெரியப்பாவை ரயிலேற்ற தாம்பரம் ஸ்டேஷன் போயிருந்தான். ஹால் காலியாக இருந்தது. மாரியின் ஆட்கள் ஸ்டாண்டை எடுத்துப் போய்விட்டார்கள், யாரோ தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்திருந்தார்கள். ஹெப்சி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். குளித்துவிட்டு வெள்ளைப் புடவையில் வந்த அம்மா விளக்கைப் போடாமல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கால நீட்டு," என்றாள்.

"எதுக்கும்மா?"

"நீட்டேன்."

ஹெப்சி காலை நீட்டினாள். அம்மா கையை ஊன்றி மெல்லச் சாய்ந்து, அவள் மடியில் தலையை வைத்தாள். ஈரத் தலை. புடவையைத் தாண்டித் தொடையில் ஈரம் பட்டது.

"இப்படியா?"

"ம்."

"இந்தக் காலா, அந்தக் காலா?"

"ரெண்டுலயும்தாம்மா."

அம்மா உடம்பை நகர்த்தி வாகாகப் படுத்துக்கொண்டாள். "மொகம் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

ஹெப்சி ஜன்னலைப் பார்த்தாள். "ஜன்னல் பக்கம்," என்றாள். நேற்றிலிருந்து அம்மாவிடம் அவள் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே பந்தலைப் பிரிப்பவர்கள் குழாய்களை வண்டியில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இன்னொருவனைப் பார்த்துப் பிடிடா, பிடிடா என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"தண்ணி குடுக்கறப்ப எப்படித் தூக்கின?" என்று கேட்டாள் அம்மா. கண்ணை மூடியிருந்தாள்.

ஹெப்சி அம்மாவின் பிடரிக்கு அடியில் கையைக் கொடுத்து, தலையைக் கொஞ்சமாகத் தூக்கினாள். அம்மா கண்ணைத் திறக்காமலே வாயை லேசாகத் திறந்தாள்.